தாய்லாந்து அரசர்கள் யானையை எப்படிப் பிடித்துப் பழக்கினார்கள்?

குருசுக்குப்பத்தான்:
மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யானைப் பேச்சு எடுத்தாலே சண்டைதான். காட்டில் இருந்ததைப் பிடித்துக் கட்டியதே பாவம் என்பாள் தங்கை, அம்மாவுக்கு அதைக் கேட்டாலே கண் கலங்கிவிடும். இப்போது தாய்லாந்து போய்வந்த சித்தப்பா, அங்கே பழைய தலைநகரான அயுத்தயாவில் பெரிய மரத்தூண் தொழுவம் ஒன்றைப் பார்த்தேன், ராஜாக்கள் அங்கேதான் யானை பிடித்தார்கள், சடங்கு செய்தது நம் பக்கத்துப் பிராமணர்கள் என்கிறார். உண்மையா? பிடித்தபின் எப்படிப் பழக்கினார்கள்? முதுமலையில் செய்வதும் அதுவும் ஒன்றா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

கெடிலக்கரை:
சித்தப்பா பார்த்தது பனியத் என்ற யானைத் தொழுவம். முதலில் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது, 16-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு வடக்கே இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார்கள். 1767-ல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தபோது அதுவும் போனது, பாங்காக் அரசர்கள் திரும்பக் கட்டினார்கள். 1891-ல் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸ் வந்தபோது சுலலாங்கோர்ன் மன்னர் அங்கே யானை பிடிப்பதை நடத்திக் காட்டினார்.

வேலை எப்படி நடக்கும் என்றால், காட்டிலிருந்து மந்தையை ஆட்களும் பழகிய யானைகளும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். தொழுவத்துக்கு வரும் வழி அகலமாகத் தொடங்கிப் போகப்போகக் குறுகும். உள்ளே வரிசையாகத் தேக்குத் தூண்கள், இரண்டு தூணுக்கு நடுவே ஆள் நுழையலாம், யானை நுழைய முடியாது. யானை துரத்தினால் அந்தச் சந்துதான் ஆளுக்கு உயிர். அரசர் மேடையில் இருந்து பார்ப்பார். எல்லாவற்றையும் பிடிப்பதில்லை, இதுதான் பலருக்குத் தெரியாதது. வேண்டியதை மட்டும் பின்னங்காலில் சுருக்குப் போட்டுக் கட்டிவிட்டு மற்றவற்றைத் திரும்பக் காட்டுக்கு விட்டுவிடுவார்கள். தேர்வு செய்ய கஜ சாஸ்திரமே இருந்தது, நிறம், நகம், தந்தம், வால் எல்லாம் பார்த்து சிவன், பிரம்மா, விஷ்ணு, அக்னி என்று நான்கு குலமாகப் பிரிப்பார்கள். வெள்ளை யானை கிடைத்தால் அது அரசருக்கு மட்டும்தான். பர்மிய அரசர் பயின்னௌங் வெள்ளை யானை கேட்டு அயுத்தயா அரசர் மகா சக்கரபத் மறுத்ததை வைத்தே 1563-ல் போர் வந்தது.

பிடித்த யானைகள் போருக்கு வேண்டும், விற்கவும் வேண்டும். மெர்குய் துறைமுகத்திலிருந்து நம் சோழமண்டலக் கரைக்கே சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) யானைகள் கப்பலில் வந்திருக்கின்றன.

டாப்ஸ்லிப்பான்:
அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ராஜா பிடித்தார் ராஜா பிடித்தார் என்றே எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கயிற்றைக் கையில் பிடித்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் வடகிழக்கே சுரின் பக்கம் கூய் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள், யானை பிடிப்பதே அவர்களுக்குத் தலைமுறைத் தொழிலாக இருந்தது. அவர்கள் தொழுவம் கட்டியதில்லை, பழகிய யானை மேல் ஏறிப்போய் மந்தையைத் துரத்தி, நீளக் கழியின் முனையில் சுருக்கை வைத்து ஓடுகிற யானையின் பின்னங்காலில் மாட்டுவார்கள். அந்தக் கயிறு எருமைத்தோலில் முறுக்கியது, பாகம் என்று பெயர். அதற்குத் தனியாக வீடு கட்டி வைத்து, முன்னோர் அதில் இருப்பதாகக் கும்பிடுவார்கள், பெண்கள் தொடக்கூடாது. ஆண்கள் காட்டுக்குப் போயிருக்கும்போது வீட்டில் மனைவி முடி வெட்டக்கூடாது, வெளியாளைத் தங்க வைக்கக்கூடாது. காட்டுக்குள் பேசுவதற்கென்றே தனிப் பேச்சு. நம் ஆனைமலையில் மலசர், முதுமலையில் குறும்பர் எப்படியோ அப்படித்தான், யானையை அறிந்தவர் காட்டுக்காரர், பெயர் மட்டும் அரண்மனைக்கு.

மிஷன் வீதி:
பிராமணர் கேள்விக்கு வருகிறேன். பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி-தை ஒட்டிய சடங்கில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதிவந்தார்கள், உச்சரிப்பு நமக்கு அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிப்போயிருக்கும். அவர்களுடைய ஏடுகள் கிரந்தத்திலிருந்து வந்த எழுத்தில் இருக்கின்றன. ஆகவே தெற்கு உறவு உண்மைதான். ஆனால் யானைச் சடங்குக்காரர்கள் அவர்களிலேயே ஒரு தனிப் பிரிவு, கம்போடியத் தொடர்பும் அதில் கலந்திருக்கிறது, அதனால் முழுக்க நம்மவர் என்று சொல்லிவிட வேண்டாம்.

1685-ல் அயுத்தயாவின் நாராய் மன்னரிடம் வந்த பிரெஞ்சுத் தூதுக்குழுவில் இருந்த கி தாஷார் என்ற ஏசுசபைப் பாதிரியார் யானை பிடிப்பதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார், பிற்பாடு நம் புதுச்சேரியிலும் இருந்தவர். பிடித்த யானையைத் தூணில் கட்டி, பக்கத்தில் பழகிய யானைகளை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள், வெள்ளை உடுத்த ஒருவர் யானை மேல் வந்து பொற்கலத்திலிருந்து மந்திர நீரைத் தெளிப்பாராம். இன்னொன்று, 1688-ல் நாராய்க்குப் பின் அரியணையைப் பிடித்த பெத்ராச்சா அரச யானைப் படையின் தலைவராக இருந்தவர்தான். அவர் விரட்டிய பிரெஞ்சுப் படை நேராக வந்து சேர்ந்ததும் இந்தப் புதுச்சேரிக்கே.

குருசுக்குப்பத்தான்:
எல்லாருக்கும் நன்றி. அப்போ தங்கை கேட்கும் கேள்வி? அடித்துத்தானே பழக்கினார்கள்?

டாப்ஸ்லிப்பான்:
கட்டு, பசி, தூக்கமின்மை, அங்குசம் எல்லாம் இருந்தது தம்பி, மறைக்க வேண்டாம். காட்டில் ஓடிய உயிரை நாலு பக்கமும் கட்டி நிறுத்துவதே வதை, மந்திர நீர் தெளித்தாலும் அது வதைதான். உங்கள் தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதுமலையில் இப்போது ஊருக்குள் வந்து ஆளைக் கொல்லும் யானையைத்தான் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றி மரக்கூண்டில் அடைக்கிறார்கள். மந்தையை ஓட்டிப் பிடிக்கும் அயுத்தயா முறைக்கு நெருக்கமானது மைசூர்ப் பக்கம் காக்கன்கோட்டையில் நடந்த கெட்டா என்ற யானைப் பிடிப்பு, அதுவும் 1971-ல் நின்றுவிட்டது.

தாய்லாந்தில் 1921-ல் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-ல் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்ததும் மரம் இழுத்த யானைகளுக்கு வேலை போய், பாகன்கள் பாங்காக் தெருவில் யானையோடு பிச்சை எடுக்கும் நிலை வந்தது. அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்துப் பேசும்போது இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.