புதுப்பிப்பு: ஏற்றத்தில் திணறிய ஸ்கூட்டர் சரியாகிவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேனே, அதே 110 சிசி கார்புரேட்டர் ஸ்கூட்டர்தான். மருதமலை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினாலும் 20-ஐத் தாண்டவில்லை. பிளக், ஏர் ஃபில்டர் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவியாயிற்று, பலனில்லை.

பதில் எழுதிய ஒருவர் கேட்ட கேள்விதான் வழிகாட்டியது: "திணறும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறதா, அடங்குகிறதா?" கவனித்துப் பார்த்தேன். சத்தம் நன்றாகவே ஏறியது, வண்டிதான் நகரவில்லை; லேசான கருகல் வாடையும் இருந்தது. அப்படியென்றால் இன்ஜினில் சக்தி இருக்கிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சத்தமும் சேர்ந்து அடங்கியிருந்தால் பெட்ரோல், காற்று, பிளக் பக்கம் தேடுவது சரி.

இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டும் கிளட்ச்சும் இருக்கும் இடப்பக்க கவரை மெக்கானிக் அண்ணன் கழற்றினார். உள்ளே ஒரே கறுப்புத் தூசி. பெல்ட் பற்களுக்கு நடுவே விரிசல், கிளட்ச் ஷூ (கிளட்ச்சில் உரசிப் பிடிக்கும் பட்டை) தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கியது. ரோலர்கள் (வேகத்துக்கேற்ப பெல்ட்டின் நிலையை மாற்றும் சின்ன உருளைகள்) தேயாமல் உருண்டையாகவே இருந்ததால் அவற்றை மாற்றவில்லை. பெல்ட்டும் ஷூவும் புதிது. பெல்ட் ஓடும் தட்டுகளை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தார்.

நேற்று அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அதே ஏற்றம். 35-இல் சீராக ஏறியது. அந்தக் கேள்வி கேட்டவருக்கு மனமார்ந்த நன்றி. கிளம்பும்போது மட்டும் சின்ன அதிர்வு இருக்கிறது; புது ஷூ படிந்ததும் போய்விடும் என்கிறார் அண்ணன்.