டிரம்ஸ் மட்டும் விறைப்பாக நிற்கிறது, என்ன செய்யலாம்?

சேலத்துப் பையன்:
எட்டு மாதமாக லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருள் வைத்து ராப் பீட் செய்து பழகுகிறேன். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி), கிக் (கனத்த அடி), ஸ்நேர் (பளீரென்ற அடி), ஹை-ஹாட் (சிறு தாளத் தட்டு), அவ்வளவுதான். தொண்ணூறுகளின் பூம் பாப் வகை ராப் பாட்டைக் கேட்டால் தலை தானாக ஆடுமே, அது என் பீட்டில் வரவில்லை. நல்ல டிரம் சத்தமாகத் தேடித்தான் போடுகிறேன். ராப் எழுதும் நண்பன் நேற்று கேட்டுவிட்டு, "கடிகாரத்துக்கு மேல பேசுற மாதிரி இருக்குடா" என்றான். விரலால் தட்டி பீட் செய்யும் எம்பிசி பெட்டி வாங்கினால்தான் அந்த ஆட்டம் வருமா? கையில் பத்தாயிரம் இருக்கிறது.

நள்ளிரவு லூப்:
ஸ்நேருக்கு மேல் கைதட்டல் சத்தம் ஒன்று சேர்த்துப் பாருங்கள், பழைய இசைத்தட்டின் கரகரப்பும் கொஞ்சம். எனக்கு அதிலேயே பாதி சரியானது.

டோலக் அண்ணன்:
தம்பி, பணத்தைப் பத்திரமாக வை. உன் சத்தத்தில் குறை இருக்காது, அடி விழும் இடத்தில்தான் இருக்கும்.

பதினாலு வருடம் மெல்லிசைக் கச்சேரிகளில் டோலக் வாசித்தேன். டோலக்கின் இடது பக்கத்தில் மணிக்கட்டை அழுத்தி 'கும்' என்று ஒரு இழுப்பு இழுப்போம். அது எண்ணிக்கைக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து விழும். கூட்டம் ஆடுவது அந்த மயிரிழைக்குத்தான். பிறகு ரிதம் பேடுக்கு மாறி, லூப்பை எல்லாம் குவாண்டைஸ் செய்து, அதாவது ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கைக் கட்டத்தில் அச்சாக ஒட்டி வைத்தேன். அன்று மேடையில் பாடகர் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்.

நீ சொல்லும் பழைய பாட்டுகளின் டிரம்ஸ் பெரும்பாலும் மனிதக் கை வாசித்தவை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970-இல் வந்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். நடுவில் மற்ற வாத்தியம் எல்லாம் ஓய்ந்து அவர் மட்டும் வாசிக்கும் இடத்தைத்தான் ராப்காரர்கள் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பப்ளிக் எனிமி ராப் குழுவின் 'ஃபைட் த பவர்' உட்பட எத்தனையோ பாட்டில் அது இருக்கிறது. ஹெட்போனில் கேள். பெரிய ஸ்நேர் அடிகளுக்கு நடுவே, காதோடு பேசுவது போல மெல்லிய தட்டுகள் ஓடும். அந்தத் துண்டை வெட்டி சாம்பிள் எடுத்தவர்களுக்கு அந்தக் கையின் ஆட்டமும் சேர்ந்தே கிடைத்தது. ஆனால் அந்தப் பாட்டை இயற்றியவர் என்று ஸ்டபிள்ஃபீல்ட் பெயர் பதிவாகவில்லை, ராயல்டியும் போகவில்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் டெட்ராய்ட்டில் ராப் பீட் செய்த ஜே டில்லா. அவருடைய எம்பிசி 3000 இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2006-இல், 'டோனட்ஸ்' ஆல்பம் வந்த மூன்றாம் நாள், 32 வயதில் போய்விட்டார். குவாண்டைஸை விட்டுவிட்டு விரலால் தட்டுவார்; கிக் தள்ளாடும், ஸ்நேர் கொஞ்சம் அவசரப்படும், ஆனாலும் பாட்டு விழாது. அவரிடம் இருந்த பெட்டி ஆயிரம் பேரிடம் இருந்தது.

உன் 90 பிபிஎம்மில் ஒரு அடி 667 மில்லி செகண்ட். அதன் கால்பங்கு 167. ஸ்விங்கை எம்பிசி கணக்கில் 54 விழுக்காடு (50 என்றால் நேர்) வைத்தால் ஒன்று விட்டு ஒரு கால்பங்கு அடி 13 மில்லி செகண்ட் தாமதமாகும், அவ்வளவுதான். முதல் கிக்கை இருக்கும் இடத்திலேயே விடு. மற்ற கிக்கை 10 முதல் 20 மில்லி செகண்ட் வரை பின்னால் தள்ளு, ஸ்நேரை ஒரு 8 முன்னால் இழு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கட்டத்தில் ஒட்டாது. ஸ்நேருக்கு முன்னும் பின்னும் மெல்லிய தட்டு இரண்டு போடு. ஒலி கால்வாசி இருந்தால் போதும்.

கிள்ளான் தமிழச்சி:
நான் எழுதும் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். நம் மரபில் எதுகை அடியின் தொடக்கத்தில் வரும். ராப்பில் ஓசை ஒன்றுவது பெரும்பாலும் வரியின் கடைசியில், தாளத்தின் நாலாவது தட்டில், ஸ்நேர் மேல் விழும். நம் கணக்கில் அது இயைபு. அதனால் உங்கள் நண்பருக்கு ஸ்நேர்தான் முக்கியம். அது மந்தமாக விழுந்தால் வரியை எங்கே முடிப்பதென்றே எங்களுக்குத் தெரியாது.

சேலத்துப் பையன்:
அண்ணா, ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தேன். முதலில் எல்லாவற்றையும் நகர்த்தி வைத்து, குடித்துவிட்டு வாசித்த மாதிரி ஆகிவிட்டது. திரும்ப அழித்து, நீங்கள் சொன்னபடி ஸ்நேரை மட்டும் 8 முன்னால், இரண்டாவது கிக்கை மட்டும் 15 பின்னால். பக்கத்தில் படுத்திருந்த தம்பியின் கால் ஆடியது! காலையில் நண்பனுக்கு அனுப்பினேன், எட்டு வரி பாடி அனுப்பியிருக்கிறான். ஹை-ஹாட்டையும் நகர்த்தட்டுமா?

டோலக் அண்ணன்:
வேண்டாம், ஹை-ஹாட் நேராகவே போகட்டும். ஒன்று நேராகப் போனால்தான் மற்றது தள்ளாடுவது காதுக்குத் தெரியும். நண்பன் பாடியதையும் இங்கே போடு தம்பி, கேட்கிறேன்.