உங்கள் ஊரில் குளிர்காலம் உண்டா?

தங்கச்சிமடம் தம்பி:

எட்டு வருடமாக டெல்லியை ஒட்டிய குருகிராமில் வேலை. ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்ப்பவர் கேட்டார்: "உங்கள் பக்கம் குளிர்காலமே கிடையாதாமே?" அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டிகிரி கணக்கில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். எங்கள் ராமேஸ்வரம் தீவில், பாம்பனில் மார்கழி விடியற்காலைகூட 24 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சுற்றிலும் கடல், அது இரவில் சட்டென்று ஆறுவதில்லை. இங்கே ஜனவரியில் 4 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. பக்கத்துக் கட்டடம் தெரியாத அளவுக்கு மூடுபனி. ரயிலெல்லாம் மணிக்கணக்கில் தாமதம்.

ஆனால் ரயிலைக் காலநிலை நிறுத்துவது எங்கள் ஊரிலும் உண்டு. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் விழாது. எங்கள் குளிர்காலம் குளிரில் இல்லை, காற்றில் இருக்கிறது.

ஒரு கார்த்திகையில் விடுமுறைக்கு வந்தபோது மாமா பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் மண்டபம் ஊருக்கு பைக் கொண்டுவந்தார். சாலைப் பாலத்தில் ஏறியதும் இடது பக்கம், அதாவது வடக்கே, தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கி, நுரை நுரையாக எழும்பிக்கொண்டிருந்தது. வலது பக்கம் திரும்பினால் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கடல், படகுகள் அசையாமல் நிற்கின்றன. நடுவில் பாலத்தின் அகலம்தான் வித்தியாசம்! "தலையைக் குனிஞ்சுக்க மாப்ளே" என்று மாமா சொல்வதற்குள் என் தொப்பி தென்கடலுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா மூன்று நாள் துணியை உள்ளே கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் உப்புப் பிசுபிசுப்பு. 25 டிகிரியில் போர்வை தேடினேன், நம்புங்கள்.

உங்கள் ஊர்களில் இந்த மாதங்கள் எப்படி? பார்த்ததைச் சொல்லுங்கள்.

குந்துகால்:

தம்பி பாலத்தில் பார்த்ததை நாங்கள் வருடா வருடம் படகில் பார்க்கிறோம். வடக்கே பாக் நீரிணை பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல் என்பார்கள். வாடை பிறந்துவிட்டால் பெண்கடல்தான் ஆடும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது அப்படியே தலைகீழ். அதனால் வாடைக்காலத்தில் நாட்டுப்படகுகளைத் தென்பக்கம் கொண்டுபோய்விடுவோம். பாலத்துக்கு அடியில் நீரோட்டமும் அப்போது வடக்கிலிருந்து தெற்காக ஓடும்.

எங்கள் அய்யா தேதி பார்க்க மாட்டார். வாசல் கதவு தானாக எந்தப் பக்கம் அடித்துச் சாத்துகிறது என்று பார்ப்பார். "வாடை வந்துருச்சு, வலையை மாத்து" என்பார். அவ்வளவுதான் எங்களுக்குப் பருவ மாற்றம். இலையுதிர் காலம் என்று பள்ளியில் படித்தேன், எங்கள் பனைமரம் எதையும் உதிர்க்கவில்லை.

இன்னொன்று. வெளியூர்க்காரர்களுக்கு டிசம்பர் என்றால் ஜாலி. எங்கள் வீட்டில் மார்கழி முதல் பத்து நாளில் யாரும் சத்தமாகச் சிரித்துப் பார்த்ததில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் புயலில் தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து போன ரயிலோடு சேர்த்து. அப்பத்தா அன்றைக்குப் பாம்பனில் இருந்தவள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியது தெரிந்தால் எத்தனையாம் நம்பர் என்று மூன்று தடவையாவது கேட்பாள்.

2020 டிசம்பரில் புரெவி வந்தபோதும் கேட்டுக்கொண்டே இருந்தாள். இலங்கையைக் கடந்து வந்த புயல் வலுவிழந்து, எங்கள் கரைக்குப் பக்கத்தில் வளைகுடாவிலேயே நின்றுவிட்டது. கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பெரிய மழை எங்கே என்றால், கொள்ளிடம், சிதம்பரம் பக்கம், ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல். விருந்தாளி எங்கள் திண்ணையில், சாப்பாடு அடுத்த தெருவில்!

கோத்தகிரி மருமகள்:

நான் பிறந்தது கோத்தகிரி, வாழ்க்கைப்பட்டது கீழக்கரைப் பக்கம். முதல் டிசம்பரில் பெட்டி நிறையக் கம்பளி கொண்டுவந்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இதை யாருக்கும்மா விக்கப் போறே?" என்றார். அடுத்த நாள் காலையில் பார்த்தால் அவரே காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு கோலம் போடுகிறார். எனக்கோ வியர்க்கிறது.

எங்கள் மலையில் மழை விட்டு வானம் தெளிந்து, காற்றும் நின்றால்தான் பயப்பட வேண்டும். அந்த ராத்திரியில்தான் உறைபனி விழும், காலையில் தேயிலைக் கொழுந்து கருகியிருக்கும். மேகம் இருந்தால் பனி விழாது, அது தரைக்குப் போர்வை மாதிரி. டெல்லி மூடுபனிக்கும் காற்று அடங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே அந்த இரண்டுமே அமையாது. காற்று நிற்பதே இல்லை, முதல் வருடம் அந்த இரைச்சலில் தூக்கமே வரவில்லை.

அப்புறம், நீலகிரி முழுக்க ஒரே மழை என்று நினைக்காதீர்கள். கூடலூருக்கு ஆடி மழை, கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஐப்பசி மழை. அந்த வகையில் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே வானம்தான் எனக்கு.

கண்மாய்க்கரை:

எல்லோரும் கடலையே பேசுகிறீர்கள். முதுகுளத்தூர் பக்கம் வந்து பாருங்கள். நாங்கள் புரட்டாசியிலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு அண்ணாந்து நிற்கிறவர்கள். வடக்கே தரை வழியாக வரும்போது வறண்ட காற்றுதான், வங்கக்கடலைத் தாண்டி வருவதால்தான் நமக்கு மழையாகிறது என்பார்கள். அது கடற்கரையிலேயே பாதியைக் கொட்டிவிட்டு வருகிறது என்பது எங்கள் வருத்தம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர். எங்கள் கண்மாய்க்கு அதில் கால்வாசிகூட வரவில்லை. இருக்கிற மாவட்டம் ஒன்றுதான். சரி, வராவிட்டால் நெல் போகும். தை வரை விடாமல் பெய்தால் முண்டு மிளகாய் அழுகும். எங்களைத் திருப்திப்படுத்துவது வானத்துக்கும் கஷ்டம்தான்.

தங்கச்சிமடம் தம்பி:

குந்துகால் அண்ணே, தொப்பி வலையில் மாட்டினால் சொல்லுங்கள், நீலக் கலர்.

அந்த டெல்லி நண்பர் இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இப்போது ஊருக்கே வருகிறேன் என்கிறார். நவம்பரா, ஜனவரியா? ஸ்வெட்டர் வேண்டுமா, குடை வேண்டுமா?

குந்துகால்:

தை பாதிக்கு மேல் வரச் சொல்லுங்கள், தனுஷ்கோடியில் பூநாரை இறங்கியிருக்கும். ஸ்வெட்டர் வேண்டாம். குடையும் வேண்டாம் தம்பி, அரிச்சல்முனையில் பிரித்தால் அது அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.