மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மாயாபஜார் பந்தி: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 61 நாளும் எங்கள் தெரு ஆண்கள் வலை பொத்துவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், மிச்ச நேரத்தில் ஒருவரோடொருவர் வம்பு வளர்ப்பார்கள். நாட்டுப்படகில் கொஞ்சம் மீன் வரும். விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். இந்தச் சமயத்தில் எல்லாரையும் ஒரு ராத்திரி உட்கார வைக்கலாம் என்று மதினிக்குத் தோன்றியது. மொட்டை மாடியில் ‘மாயாபஜார்’ போட்டு, அந்தப் படத்துச் சாப்பாட்டையே பந்தி வைப்பது என்று முடிவானது.

1957-இல் வந்த படம். கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் கல்யாண வீட்டு அடுக்களைக்குள் புகுந்து மொத்தத்தையும் காலி செய்வாரே, அந்த ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டிலேயே பட்டியல் இருக்கிறது: பஜ்ஜி, சொஜ்ஜி, புளியோதரை, சாம்பார், பூரி கிழங்கு. வேறு மெனு யோசிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சங்கடம், அதில் மீன் கிடையாது. “மீனில்லாத சோத்தைத் திங்க மாடி ஏறணுமா?” என்று என் மாமியார் கேட்டார். ஆனால் சமையல் குறிப்பு எல்லாமே அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்துதான் வந்தது.

பெட்டியில் மங்கையர் மலர் இதழ்கள் ஒரு கட்டு. அதற்கு அடியில் அட்டையும் பெயரும் போன ஏதோ ஒரு பழைய பத்திரிகை மலரிலிருந்து கிழித்த பக்கங்கள். புளியோதரைப் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் ‘வெந்தயம் பாதி போதும்’ என்று மாமியார் கையெழுத்து. பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரம். வெந்தயத்தைப் பற்றி இப்போது கேட்டால், “அப்ப உங்க மாமாவுக்குக் கசப்பு ஆகாது” என்கிறார்.

அந்தப் பக்கங்களில் அளவெல்லாம் ஆழாக்கும் பலமும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக: ஓர் ஆழாக்கு கிட்டத்தட்ட 168 மில்லி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் சுமார் 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை. எங்கள் வீட்டில் இரும்பு ஆழாக்கு இன்னும் இருப்பதால் கணக்குப் போடாமலே அளந்துவிட்டோம். படம் வந்த அதே 1957 ஏப்ரலில்தான் ரூபாய்க்கு நூறு என்கிற நயா பைசாவும் வந்தது. காசு மாறின வேகத்தில் அடுக்களை மாறவில்லை போல.

எந்தப் பத்திரிகையும் சொல்லாத ஒன்று தண்ணீர். ‘பருப்பை மலர வேகவிடவும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் காவிரிக்கரைக்காரராக இருந்திருக்க வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பைப் போட்டால் விடிய விடியக் கொதித்தாலும் மலராது. சுண்ணாம்புச் சத்து நிறைந்த தண்ணீர் பருப்பை இறுக்கிவிடும். சாம்பாருக்கு மட்டும் குடத்துத் தண்ணீர் விலைக்கு வாங்கினோம். நம் பக்கம் இதைச் செய்கிறவர்கள் மளிகைச் சீட்டில் முதலில் தண்ணீரை எழுதுங்கள்.

மிளகாயும் அப்படித்தான். ‘மிளகாய் வற்றல் 10’ என்று போட்டிருந்தால் அது நீட்டு மிளகாய்க் கணக்கு. நம் வீட்டில் இருப்பது குண்டான முண்டு வத்தல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரத்துச் சரக்கு. தோல் தடிமன், அதனால் புளிக்காய்ச்சலுக்குத் தாளிக்கும்போது தீயைக் குறைத்து, நல்லெண்ணெயில் உப்பி நிறம் ஆழமாகும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். புளியோதரையை மத்தியானமே கிளறி வைத்துவிட்டோம். ராத்திரிக்குள் புளி நன்றாக ஊறிவிட்டது.

இனி திரை. மே மாதக் கச்சான் காற்றில் மாடியில் வேட்டி கட்டினால் அது பாய்மரம்தான். ரங்காராவ் முகம் ஒரு பக்கம் போகிறது, கதாயுதம் இன்னொரு பக்கம் போகிறது. கடைசியில் என் கொழுந்தன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்து வேட்டியின் அடி ஓரத்தில் வரிசையாகக் கோத்துக் கட்டினான். அதற்கப்புறம் அசையவே இல்லை. பூரியை மாடியில் பொரிக்க நினைக்காதீர்கள், அடுப்பு நிற்காது. கீழே பொரித்துக் கூடையில் ஏற்றினோம்.

இன்னொரு விஷயம். அந்தப் பாட்டு படத்தில் ரொம்பப் பின்னால்தான் வருகிறது. அதுவரை பசியோடு உட்கார வைத்தால் பிள்ளைகள் அழும், பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் சகுனி நம்பியார் சதி போடும்போதே பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொடுத்துவிட்டு, பாட்டு வந்ததும் இலை போட்டோம். திரையில் பாத்திரங்கள் காலியாகக் காலியாக, இங்கே பிள்ளைகள் பூரியை மடியில் ஒளித்துக்கொண்டு, “கடோத்கஜன் தின்னுட்டான், இன்னொண்ணு வைங்க” என்று வெறும் இலையைக் காட்டினார்கள். ஒரு பயல் இப்படியே பூரிக்கூடையைப் பாதியாக்கிவிட்டான்.

அப்புறம் பக்கத்து வீட்டுச் சித்தப்பா நெத்திலிக் கருவாடு வறுத்துப் பொட்டலமாகக் கொண்டுவந்தார். மெனு கெட்டுப்போச்சே என்று மதினிக்கு வருத்தம். எனக்கில்லை. புளியோதரைக்கு அதைவிடப் பொருத்தமான தொடுகறி இருக்கிறதா என்ன? மாமியார் அதற்கப்புறம்தான் மறுசோறு வாங்கினார்.

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் திரையில் வந்தபோது பாம்பனிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவர், “இவுக ரெண்டு பேரும் அந்தப் புயலுக்கு ராமேஸ்வரத்துலதான இருந்தாக” என்றார். 1964 டிசம்பர், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல். அவர் அப்போது சிறுபெண். நடிகர், நடிகை வந்திருக்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததாம், மறுநாள் பேச வேறு விஷயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் படத்தை நிறுத்திவிட்டு அவர் சொன்னதைத்தான் கேட்டோம்.

கீழக்கரையிலிருந்து:

நாங்கள் இதையே வேறு மாதிரி செய்தோம். பெருநாளுக்கு மறுநாள் ராத்திரி, வீட்டுப் பெண்கள் மட்டும். படம் ‘பாவ மன்னிப்பு’, 1961. சிவாஜி ரஹீமாக வருகிற படம் என்பதால் எங்கள் உம்மாவுக்கு அது சொந்தப் படம் மாதிரி. பாட்டெல்லாம் கண்ணதாசன். அவர் மகள் ரேவதி சண்முகம் எழுதிய சமையல் குறிப்புகளை என் லாத்தா (அக்கா) பத்திரிகைகளிலிருந்து வெட்டி வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அப்பா பாட்டுக்கு மகள் சமையல் என்பது அவள் யோசனை. செட்டிநாட்டுக் கோழி வறுவல் மட்டும் அந்த நோட்டிலிருந்து. நெய்ச்சோறும் வட்டலாப்பம் என்கிற இனிப்பும் எங்கள் வழக்கப்படி. அதற்கெல்லாம் பத்திரிகையைப் பார்த்தால் உம்மா வீட்டை விட்டே அனுப்பிவிடுவார். சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். டி.எம்.எஸ்ஸோடு அதைப் பாடிய நாகூர் ஹனிபா பிறந்தது நம் ராமநாதபுரத்தில்தான் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்பவில்லை.

பத்திரிகைக் குறிப்பில் ‘நான்கு பேருக்கு’ என்றுதான் இருக்கும். நம் வீட்டில் நான்கு பேர் எப்போது சாப்பிட்டோம்? கறியைப் பத்து மடங்கு ஆக்கினால் கிராம்பு, பட்டை, கல்பாசியையும் பத்து மடங்கு ஆக்காதீர்கள், வாய் மரத்துவிடும். ஆறு ஏழு மடங்கில் நிறுத்திக்கொண்டு கடைசியில் ருசி பார்த்துக் கூட்டலாம்.

தொண்டியிலிருந்து:

மண்டபத்து அக்கா, அந்தச் சொஜ்ஜிக்கு அளவு சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் அடுத்த மாதம் போடலாம் என்றிருக்கிறோம். கருப்பட்டி சேர்க்கலாமா?

மண்டபத்திலிருந்து மறுபடி:

ரவை ஓர் ஆழாக்கு, தண்ணீர் இரண்டரை, சீனி ஒன்றரை, நெய் அரை. பாதி நெய்யில் ரவையை வாசம் வர வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் கட்டி விழாமல் தூவிக் கிளறுங்கள். ரவை வெந்தபிறகுதான் சீனி. முன்னாடியே போட்டால் ரவை விறைத்துக்கொள்ளும். மிச்ச நெய், ஏலக்காய் கடைசியில். கருப்பட்டி தாராளமாகச் சேர்க்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அரை ஆழாக்குத் தண்ணீரைத் தனியே எடுத்து அதில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். மீதி இரண்டு ஆழாக்கில் ரவையை வேகவையுங்கள். நிறம் கறுப்பாக வரும், பிள்ளைகள் முகம் சுளிக்கும். விளக்கை அணைத்துப் படம் போட்டபிறகு கொடுங்கள்.