விந்து போனால் உடம்பு போச்சு என்று பயப்படும் பையனிடம் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது?

மலைச்சாரல்:
கல்லூரி விடுதிகளில் ஆலோசனைக்கு வருகிறவர்களில் இந்த ரகம் நிறைய. கன்னம் ஒட்டிப்போச்சு, படிச்சது நிக்கல, நரம்புத் தளர்ச்சி, எல்லாத்துக்கும் சொப்பன ஸ்கலிதம்தான் (தூக்கத்தில் விந்து வெளியேறுவது) காரணம் என்பார்கள். பிரம்மசரியச் சொற்பொழிவில் கேட்ட 'ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி ரத்தம்' மனப்பாடமாக இருக்கும். மூடநம்பிக்கை என்று சொன்னால் அடுத்த வாரம் ஆளே வரமாட்டான். பக்தியைத் தொடாமல் பயத்தை மட்டும் எடுக்க வழி உண்டா?

வேப்பமரம்:
முதல் நாளே மறுத்துப் பேசாதீர்கள். இதற்குத் 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960இல் பெயர் வைத்தவர் மனநல மருத்துவர் என்.என். விக். 'தாது'வில் இருந்து வந்த சொல். உணவு ரசமாகி, ரத்தமாகி, ஏழாவது படியில் சுக்கிலமாகிறது, அதாவது விந்தாகிறது என்பது ஆயுர்வேதம். சித்த மருத்துவத்திலும் உடற்கட்டு ஏழுதான். கடைசிப் படி என்பதால் பிழிந்தெடுத்த சாரம் என்ற எண்ணம். 18ஆம் நூற்றாண்டில் திசோ என்ற சுவிஸ் மருத்துவரும் இதே பயத்தைக் கிளப்பினார். அதைச் சொல்லுங்கள், 'நம்ம சாமியைக் குறை சொல்றார்' என்ற முறுக்கு தளரும்.

அப்புறம் அவன் கணக்கிலேயே போங்கள். ஒரு தடவைக்கு 3 மில்லி என்றால், நாற்பது மடங்கு 120 மில்லி ரத்தம். தினமும் என்றால் மாதம் மூன்றரை லிட்டர். உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் சொச்சம். அவ்வளவு போயிருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரியுமே, ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம் வா என்று கூப்பிடுங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து, குடற்புழு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

'மூத்திரத்தில் வெள்ளையாப் போகுது' என்பதும் வரும். பெரும்பாலும் அது பாஸ்பேட் உப்பு, விந்து அல்ல. சோதனைக் குழாயில் கலங்கிய சிறுநீரை எடுத்து, சில சொட்டு வினிகர் விட்டால் தெளிந்துவிடும். அவன் கண்ணெதிரே செய்யுங்கள், ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சமம். தெளியாவிட்டாலோ எரிச்சல், சீழ் இருந்தாலோ தொற்றுக்கான பரிசோதனை.

உப்புக்காற்று:
மதத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. தூக்கத்தில் தன்னையறியாமல் வெளியேறினால் பிரம்மசாரி குளித்து, சூரியனை வணங்கி, ஒரு மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொல்கிறது மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம். அவ்வளவுதான். இஸ்லாத்திலும் அது பாவமில்லை, குளிப்பு மட்டும் கடமை. நாற்பது துளியைப் பரப்பியதில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களின் நோட்டீசுக்குப் பெரிய பங்கு. அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, சுவர்கள் கேட்டால்தானே! என்ன லேகியம், என்ன பஸ்பம் சாப்பிடுகிறான் என்று கட்டாயம் விசாரியுங்கள்.

ஒரு குளியல் ஐந்து குளியலானால், துணியை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால், அது எண்ணச்சுழற்சி நோய் (ஓசிடி) பக்கம் போகிறது. அங்கே 'ஒண்ணும் ஆகாதுப்பா' என்று தினமும் சொல்வதே நோய்க்குத் தீனி. குருக்களோ ஹஜ்ரத்தோ ஒருமுறை தெளிவாகச் சொல்லட்டும், மறுபடி கேட்டால் 'அன்னைக்கே சொல்லிட்டேனே' என்பதோடு நிறுத்தட்டும். ஒரு குளியலுக்குப் பின் வரும் தவிப்பை, திரும்பக் குளிக்காமல், தானாக இறங்கும்வரை பொறுத்திருக்கப் பழக்குவதுதான் சிகிச்சை.

மலைச்சாரல்:
'நான் செக்ஸ் அடிமை' என்று அவனே முத்திரை குத்திக்கொண்டு வந்தால்?

வேப்பமரம்:
பாவம் என்ற எண்ணத்தால் மட்டும் வரும் வேதனையை வைத்து அந்த நோய்ப்பெயரைக் கொடுக்கக் கூடாது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 தெளிவாகச் சொல்கிறது. கட்டுப்படுத்த முடியாமல் படிப்பு, உறவு கெட்டு, மாதக்கணக்கில் நீடித்தால்தான் அந்தப் பேச்சு.

அடியில் மனச்சோர்வு இருக்கிறதா என்று பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்விப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது, வெட்கப்பட்டு அதைத் தாண்டிவிடாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை தொடங்கினால் ஆசை குறையலாம், வெளியேறுவது தாமதமாகலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 'மாத்திரை ஆண்மையைக் கெடுத்துடுச்சு' என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுவான். பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ராத்திரியில் தவித்தால் கூப்பிட அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.