மடலாடல்: நிறைபையா, நிறைப்பையா, பொறையா?

ஆசிரியை, ஆஸ்டின் (செவ்வாய்)

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை காலைக்குள் எனக்கு இரண்டு மூன்று சொற்கள் வேண்டும்.

எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பில் பதினைந்து வயது மாணவி ஒருத்தி பத்து நிமிடம் பேசப் போகிறாள். அவளும் தந்தையும் சேர்ந்து பழைய வேக்போர்ட் படகு ஒன்றைச் செப்பனிட்ட கதைதான் பேச்சு. ட்ராவிஸ் ஏரியில் ஓட்டுகிறார்கள். காலில் பலகை கட்டியவரைப் படகு கயிற்றால் இழுக்க, அவர் நீர்மேல் சறுக்கும் விளையாட்டுதான் வேக்போர்ட். படகுக்குப் பின்னால் எழும் அலையில் ஏறித்தான் பலகைக்காரர் எகிறுகிறார். படகின் பின்பக்கம் எவ்வளவு அமிழ்கிறதோ அவ்வளவு பெரிய அலை. அதற்காகத் தடித்த பைகளைப் பின்பக்கச் சாமான் அறைகளான லாக்கர்களில் விரித்து, ஏரித் தண்ணீரையே பம்பு வைத்து நிரப்புகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள். இந்தப் பளுவுக்கு ஆங்கிலத்தில் பேலஸ்ட் என்று பெயர். இவர்கள் வைத்திருக்கும் பை ஒன்றுக்கு 750 பவுண்டு, அதாவது 340 கிலோ.

எஞ்சின் பின்பக்கம் நடுவில், அதன் இருபுறமும் லாக்கர். இடையே இருப்பதோ கம்பளம் ஒட்டிய மெல்லிய பலகை. பை நிரம்பியதும் பலகை வயிறு தள்ளிக்கொண்டு எஞ்சின் பெல்ட்டைத் தொடப் போய்விட்டதாம். 12 மி.மீ. ப்ளைவுட்டும் அலுமினியச் சட்டமும் வைத்துச் சுவரைப் பலப்படுத்தியிருக்கிறார்கள். பேலஸ்ட், லாக்கர், பலப்படுத்துதல் ஆகியவற்றுக்குத் தமிழ் தாருங்கள். பிள்ளை மேடையில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

புலவர், தஞ்சாவூர்

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? பொறை என்று நம் முன்னோர் வைத்துப் போயிருக்கிறார்கள். பொறு என்னும் வேரிலிருந்து பொறை, பொறுப்பு, பொறுமை. சுமையைத் தாங்குவதும் பொறை, தாங்கப்படும் சுமையும் பொறை. இதே வேர்தான் நீண்டு பாரம் ஆயிற்று. கடல் கடந்து போய் ஆங்கிலத்தில் சுமத்தலைக் குறிக்கும் பேர் (bear) என்னும் வினையும் ஆயிற்று என்பது என் நெடுநாள் துணிபு. பைக்குப் பொறைப்பை எனலாம். மிகையாக ஏற்ற வேண்டாம் என்றும் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கே அச்சு முறியும் என்றவர் வள்ளுவர். தண்ணீர் ஏற்றிய படகைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

மொழியியல் மாணவர், சென்னை

ஐயா, மன்னிக்க வேண்டும். பாரம் என்னும் வடசொல்லுக்கும் ஆங்கிலப் பேருக்கும் உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்குள் நடந்த கல்யாணம். பொறுவுக்கு அங்கே பந்தி இல்லை.

தவிரவும் பொறை என்று பிள்ளை மேடையில் சொன்னால், கேட்பவர்கள் பொறையுடைமை அதிகாரம் ஒப்பிக்கப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

பொறியாளர், கோவை

நிறை என்பது என் முன்மொழிவு. எடை என்றும் பொருள், நிரம்புதல் என்றும் பொருள். நிரப்பினால்தான் எடை வரும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? நிறைப்பை என்று வைக்கலாம்.

ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர், மட்டக்களப்பு

தம்பி, நிறை என்றவுடன் நின்றுவிட்டேன். எங்கள் பாடநூலில் பொருளின் அளவுக்குத் திணிவு, புவி அதை இழுக்கும் விசைக்கு நிறை. உங்கள் பாடநூலில் முதலாவதுக்கு நிறை, இரண்டாவதுக்கு எடை. ஒரே சொல் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வெவ்வேறு வேலை பார்க்கிறது. நாற்பது வருடம் இதை விளக்கியே தொண்டை வற்றியவன் நான். அமெரிக்காவில் இரு கரைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தானே இருப்பார்கள்? அங்கேயும் இந்தக் குழப்பத்தைக் கொண்டுபோய் இறக்க வேண்டாம்.

புலவர், தஞ்சாவூர்

பாடநூல் கிடக்கட்டும். மகளிர் நிறை காக்கும் காப்பே தலை என்ற குறளில் நிறைக்கு என்ன பொருள் என்று கோவைத் தம்பி பார்த்துவிட்டுப் பேசட்டும். அதைப் பையில் அடைப்பதாவது!

பொறியாளர், கோவை

ஐயா, சொல்லுக்குப் பல பொருள் இருப்பது சொல்லின் குற்றம் அன்று. சுவரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று கணக்குப் போட்டேன். சுவர் 60 செ.மீ. உயரம், 150 செ.மீ. நீளம் என்று வையுங்கள். பை அதே உயரத்துக்கு நிரம்பி நின்றால் சுவர்மேல் மொத்தத் தள்ளல் ஏறத்தாழ 270 கிலோ. நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளுவது போல. தண்ணீரின் அளவைவிட உயரம்தான் இங்கே முக்கியம். ஏரிக்கரையிலும் அதே கதைதான். அழுத்தம் அடியில் அதிகம் என்பதால் தள்ளலின் மையம் கீழிருந்து 20 செ.மீ. உயரத்தில் விழுகிறது. குறுக்குச் சட்டத்தை நடுவில் வைக்காமல் அங்கே வைத்தார்களா என்று கேளுங்கள். படகு அலையில் விழும்போது இது இன்னும் கூடும்.

விவசாயி, மன்னார்குடி

இது எங்கள் வீட்டுப் பத்தாயம். அறுவடை நெல்லைக் கொட்டியதும் பக்கப் பலகை பிதுங்கும். ஆசாரி வந்து வெளிப்பக்கம் சட்டம் அடித்து, சுவரிலிருந்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். பலப்படுத்துதல், வலுவூட்டல் எல்லாம் எதற்கு? முட்டுக் கொடுத்தல். முடிந்தது. லாக்கருக்கும் பத்தாயம் என்றே வைக்கலாம்.

பொறியாளர், கோவை

நெல் கொஞ்சம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் ஐயா, மணிக்கு மணி உரசல் உண்டு. தண்ணீருக்கு அந்த நாணயம் கிடையாது. ஆனால் முட்டு அருமை.

மென்பொருளாளர், சிங்கப்பூர்

லாக்கரை விட்டுவிடுங்களேன். சாவி போர்த்துக்கீசியம், அலமாரி போர்த்துக்கீசியம், நங்கூரம் பாரசீகம். கட்டுமரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு கணக்குக் கேட்டார்களா? வடவெழுத்தை ஒருவிச் சொல்லை ஏற்கத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார்.

புலவர், தஞ்சாவூர்

அந்த நூற்பா வரும் என்று எதிர்பார்த்தேன். அடுத்துப் பழையன கழிதலும் வரும். தொல்காப்பியர் கதவைத் திறந்து வைத்தார் தம்பி, பெயர்த்துக் கொடுக்கவில்லை. லாக்கருக்குப் பெட்டகம் இருக்கிறது.

மொழியியல் மாணவர், சென்னை

பெட்டகம் என்றால் நகையும் வங்கியும்தான் நினைவுக்கு வரும். படகில் நனைந்த துண்டும் கயிறும் கிடக்கும் இடம் அது. பக்க அறை போதும்.

நிறைப்பைக்கு ஓர் இலக்கணச் சிக்கல் இருக்கிறது. வல்லினம் மிகுந்தால் நிறைப்பு என்ற பெயரின் இரண்டாம் வேற்றுமை போல் ஒலிக்கும். "நிறைப்பைக் கட்டினோம்" என்றால் எதைக் கட்டினார்கள்? வினைத்தொகையாக்கி நிறைபை என்றால் அந்தத் தொல்லை இல்லை. நிறைகுடம், நிறைமதி வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

பொறியாளர், கோவை

எடைப்பொருள் போய்விடுகிறதே!

மொழியியல் மாணவர், சென்னை

நிறைகுடத்தைத் தூக்கிப் பார்த்தவருக்கு எடை தனியாகச் சொல்ல வேண்டுமா?

விவசாயி, மன்னார்குடி

காலிப் பையை என்னவென்று சொல்வது? குறைபையா?

மொழியியல் மாணவர், சென்னை

அதுதான் வினைத்தொகையின் அழகு. நிறைந்த பை, நிறைகின்ற பை, நிறையப் போகும் பை, முக்காலமும் அடக்கம். சுருட்டிக் கொட்டகையில் போட்டிருந்தாலும் அது நிறைபைதான்.

பொறியாளர், கோவை

சரி, தோற்றேன். குறைகுடம் கூத்தாடும் என்பதும் இங்கே மெய். பாதி நிரம்பிய பையில் தண்ணீர் அலைமோதும், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை இடிக்கும். நிரம்பிய பை அழுத்தும், குறைந்த பை அறையும். முட்டு இரண்டுக்கும் தாங்க வேண்டும்.

மட்டுறுத்துநர் (வெள்ளி)

முப்பத்தெட்டு மடல்கள் ஆகிவிட்டன. நங்கூரத்தின் வேர் பற்றிய பதினொரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். கை தூக்கியவர்கள் கணக்கு: நிறைபை ஏழு, பொறை இரண்டு, பேலஸ்ட் என்றே விடலாம் மூன்று. ஏழில் இருவர் தூக்கம் வருகிறது என்று காரணம் எழுதியிருக்கிறார்கள்.

ஆசிரியை, ஆஸ்டின்

அனைவருக்கும் நன்றி. நிறைபை, பக்க அறை, முட்டுக் கொடுத்தல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குறுக்குச் சட்டம் நடுவில்தான் இருக்கிறதாம். கோவை அண்ணாவின் கணக்கைக் காட்டியதும் அவள் தந்தை மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விட்டார். பழைய திருகாணித் துளைகளைப் பிசின் வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறேன்; இல்லாவிட்டால் தண்ணீர் ஊறிப் பலகை உளுத்துவிடும். இது எனக்கே தெரியும், குழுவைக் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர், மட்டக்களப்பு (ஞாயிறு)

பேச்சு முடிந்திருக்கும், ஆனாலும் பதிவுக்காக எழுதுகிறேன். நீங்கள் பெயர் வைத்தது பைக்கு, பேலஸ்ட்டுக்கு அல்ல. பழைய பாய்க்கப்பல்கள் அடித்தளத்தில் கல்லையும் மணலையும் ஏற்றின. பந்தயப் பாய்ப்படகுகளின் அடியில் ஈயம் வார்த்திருப்பார்கள். அங்கே பையும் இல்லை, நிறைவதும் இல்லை. அவற்றை என்னவென்று அழைப்பது? நிறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

புலவர், தஞ்சாவூர்

பொறை.