கோயர்ஷனுக்கு 'வகைத்திரிபு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில், நாம் கேட்காமலேயே ஒரு மதிப்பு வேறு வகைக்கு (எண், எழுத்துச் சரம் என்பதுபோல்) மாறுவதுதான் கோயர்ஷன் (coercion). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'வகைத்திரிபு' என்று வைக்கலாம் என்கிறேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> கோயர்ஷன் = கட்டாய வகைமாற்றம். அகராதியிலேயே கட்டாயம் என்றுதானே இருக்கிறது?

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு அது தலைகீழாகப் போய்ச் சேரும். 'இதைச் சரமாக்கிக் கொடு' என்று நாமே வாய்விட்டுக் கேட்பதைத்தான் கட்டாயம் என்று புரிந்துகொள்வார். கோயர்ஷனில் அப்படி யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் வந்து சேர்வதைப் பார்த்து மதிப்பு தானே வகை மாறிக்கொள்கிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பது சரம்; "5" + 1 என்றால் எண் சரமாகி "51". "5" - 1 என்றால் சரம் எண்ணாகி 4.

நமக்கு இது பள்ளிக்கூடத்திலேயே பழகிய சங்கதி. பொன்னோடு குடம் சேர்ந்தால் பொற்குடம். மலர் சேர்ந்தால் பொன்மலர்தான். வருமொழியைப் பொறுத்து நிலைமொழி திரியும், அல்லது அப்படியே நிற்கும். அதனால்தான் வகைத்திரிபு என்கிறேன். கேட்டு வாங்குவது வகைமாற்றமாகவே இருக்கட்டும்.

போன மாதம் ஒரு கடைக்கு ரசீது நிரல் எழுதினேன். தொகைக்கென்று ஒரு கிளாஸ் (ஒரே மாதிரிப் பொருள்களை உருவாக்கும் வார்ப்பு). முதலில் ரசீதில் '[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]' என்று அச்சாகி மானம் போனது. பொருளைச் சரமாகத் தரும் டுஸ்ட்ரிங் (toString) எழுதி 'ரூ. 1,250.00' என்று வரவைத்தேன். கூட்டல் கணக்குக்காக, பொருளின் அடிப்படை மதிப்பைத் தரும் வேல்யூஆஃப் (valueOf) எழுதி 1250 என்ற எண்ணைத் தரச் செய்தேன். அதன்பிறகுதான் வேடிக்கை. டெம்ப்ளேட் லிட்டரலுக்குள் (நடுவே மதிப்புகளைச் செருகி எழுதும் சரம்) வைத்தால் 'ரூ. 1,250.00' வருகிறது. "மொத்தம்: " என்பதோடு கூட்டல் குறி போட்டு ஒட்டினால் வெறும் 1250! டெம்ப்ளேட் முதலில் டுஸ்ட்ரிங்கைத் தேடுகிறது, கூட்டல் குறி வேல்யூஆஃபை.

இரண்டையும் ஒரே இடத்தில் கட்டுக்குள் வைக்க ஜாவாஸ்கிரிப்டின் 2015 பதிப்பில் சிம்பல்.டுபிரிமிட்டிவ் (Symbol.toPrimitive) என்ற செயல் வந்தது. அதற்கு ஒரு 'ஹின்ட்' கிடைக்கும்: ஸ்ட்ரிங், நம்பர், டிஃபால்ட் மூன்றில் ஒன்று. தேதிக்கான டேட் மட்டும் டிஃபால்ட்டைச் சரமாக எடுத்துக்கொள்ளும்; தேதியோடு 1 கூட்டினால் எழுத்து, 1 கழித்தால் எண். இந்த ஹின்டைப் பட்டியலில் 'குறிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். கமென்டுக்கும் அதுதான், ரெஃபரன்ஸுக்கும் அதுதான். பாவம், அந்தச் சொல் எத்தனை சுமக்கும்? எந்த வகை வேண்டும் என்று சொல்வதால் 'வேண்டுவகை' எனலாமா?

> திரிபு என்றால் மியூட்டேஷன் ஆகிவிடாதா? கொரோனா காலத்தில் அப்படித்தானே எழுதினார்கள்?

இது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். நிரலில் மியூட்டேஷன் என்றால் இருக்கும் பொருளே உள்ளுக்குள் மாறுவது. கோயர்ஷனில் மூலப்பொருள் மாறுவதில்லை, புதிதாக ஒரு மதிப்பு பிறக்கிறது. ஆனால் நம் சொல் வெறும் திரிபு இல்லை, வகைத்திரிபு. முன்னொட்டை விட்டுவிட்டு எழுதினால் குழப்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். மியூட்டேஷனுக்கு 'உள்மாற்றம்' என்று தனியாக வைத்துவிட்டால் மோதல் வராது.

டுஸ்ட்ரிங்குக்குச் 'சரமாக்கி' வேண்டாம். பொருளை ஜேசன் என்ற தரவு வடிவில் சரமாக எழுதித் தரும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபையோடு (JSON.stringify) குழம்பும். அது டுஸ்ட்ரிங்கைக் கண்டுகொள்வதே இல்லை, பொருளில் டுஜேசன் (toJSON) என்ற செயல் இருக்கிறதா என்றுதான் தேடும். ஸ்ட்ரிங்கிஃபைக்குச் சரமாக்கல், டுஸ்ட்ரிங்குக்குச் சரவடிவம் என்று பிரித்துக்கொள்ளலாம். டுஜேசனுக்கு யாரிடமாவது சொல் இருந்தால் அனுப்புங்கள். எனக்குத் தோன்றிய எதுவும் வாயில் நிற்கவில்லை.